கிருஷ்ணகிரி வெயிலும் ஹஸ்கி குட்டியும்

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவு: கிருஷ்ணகிரியில் கேஆர்பி அணைக்குப் போகிற வழியில் சொந்த வீடு, வேலை ஓசூரில், வாரத்துக்கு வாரம் மாறுகிற ஷிஃப்ட், வீட்டில் மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை, அப்பா, அம்மா. அம்மா பின்பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள். பெங்களூர் நண்பர் ஐம்பது நாள் ஆன ஹஸ்கி இன நாய்க்குட்டி ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். ஒரு அறையில் ஏசி இருக்கிறது, வெயிலுக்கு அது போதுமா, ஹஸ்கி எனக்குச் சரிப்படுமா என்று கேட்கிறீர்கள். வெயில் தாங்காமல் செத்துவிடும் என்று ஒருவரும், சென்னையிலேயே எத்தனையோ பேர் வளர்க்கிறார்கள், ஒன்றும் ஆகாது என்று இன்னொருவரும் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் இருவரும் பதில் சொல்வது 'உயிரோடு இருக்குமா' என்ற கேள்விக்கு. உங்கள் கவலை அதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். அந்த வீட்டில், அந்த வேலை நேரத்தில், அந்த ஊர் வெயிலில் இந்த நாயைப் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் நல்லபடியாக வைத்துக்கொள்ள உங்களால் முடியுமா? அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் தர்மபுரியில் கால்நடை மருத்துவம் பார்க்கிறவன். ஆரம்பத்தில் மாடும் ஆடும்தான் அதிகம் வரும், இப்போது வருவதில் பாதிக்கு மேல் நாய்கள், அதில் ஹஸ்கியும் மாதத்துக்கு ஓரிரண்டு இருக்கிறது. உங்கள் வீட்டையோ குட்டியையோ நேரில் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உயிர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் ஹஸ்கி உயிரோடு இருக்கும். கவனமாக வைத்திருந்தால் முழு ஆயுளும் இருக்கும், அப்படி வயதாகிப் போன ஹஸ்கிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அது என்ன மாதிரி வாழ்க்கை என்று புரிய வேண்டும் என்றால் இந்த நாய் எதற்காக உண்டானது என்று தெரிய வேண்டும். சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி என்ற மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய் இது. பாரம் குறைவு, தூரம் அதிகம், தீனி கொஞ்சம், நாள் முழுக்க ஓட்டம். அந்த வேலைக்கு ஏற்றபடி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலாஸ்காவுக்குக் கொண்டு போனார்கள். 1925 குளிர்காலத்தில் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய் பரவியபோது, ரயில் போகாத கடைசி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தை இருபது வண்டிக்காரர்கள் நாய் வண்டியில் மாறி மாறி ஓட்டி, ஆறு நாளுக்குள் மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். அதில் மிக நீளமான, மிக ஆபத்தான பகுதியை ஓடியது லியோன்ஹார்ட் செப்பாலா என்பவரின் நாய்கள், முன்னால் ஓடிய நாயின் பெயர் டோகோ. அந்த நாய்களின் வழிவந்தவைதான் இன்றைய ஹஸ்கிகளில் பலவும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அழகான நீலக் கண்ணும் நரி மாதிரி முகமும் பார்த்துக் குட்டி வாங்குகிறோம், ஆனால் உள்ளே இருப்பது நாள் முழுக்க இழுத்து ஓடவே பிறந்த உடம்பு. ஆண் நாய் இருபதிலிருந்து 27 கிலோ வரை வரும், பெண் நாய் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பெரிய நாய் இல்லை. ஆனால் அந்த எடையில் அவ்வளவு ஓட்டம் கேட்கிற நாய் வேறு அதிகம் கிடையாது.

இப்போது வெயில். நாய்க்கு மனிதன் மாதிரி உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கும்போது வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகித்தான் உடம்புச் சூடு வெளியே போகும். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 106-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். ஹஸ்கிக்கு வெளியே நீள மயிர், அதற்கடியில் கம்பளி மாதிரி அடர்ந்த உள்மயிர் என இரண்டு அடுக்கு. சும்மா நிழலில் படுத்திருக்கும்போது அது பெரிய தொந்தரவு இல்லை. ஓடி, தசையில் சூடு உண்டாகும்போதுதான் அது வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே தங்குகிறது. காற்றில் ஈரம் அதிகம் என்றால் இரைப்பும் வேலை செய்யாது. கோடை மழைக்கு முந்தின நாள் புழுங்குமே, அந்த மாதிரி நாளில் வெயில் குறைவாகத் தெரிந்தாலும் நாய்க்கு ஆபத்து அதிகம். இதோடு சேர்த்து ஒன்று: பலர் ஏசிக்குப் பதில் ஏர் கூலர் வைக்கிறார்கள். நம் ஊர் மார்ச், ஏப்ரல் வறண்ட வெயிலில், ஜன்னல் திறந்த அறையில் கூலர் நன்றாகவே உதவும். அதையே கதவு ஜன்னல் மூடி ஓட்டினால் அறை முழுக்க ஈரமாகி, நாய் இரைத்து இரைத்துக் களைத்துப் போகும்.

ஏசி போதுமா என்று கேட்டீர்கள். பகல் பதினொன்றிலிருந்து ஐந்து ஐந்தரை வரை அந்த அறை நாய்க்கே என்று விட்டுவிட்டால், படுத்திருக்கப் போதும். ஒரு டன், ஒன்றரை டன் ஏசி பகலில் மட்டும் ஓடினாலும் இரண்டு மாத ரீடிங்கில் 400, 500 யூனிட் கூடிவிடும், ஸ்லாப் மாறும்போது மொத்த பில்லும் எங்கேயோ போகும். அதைச் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் வரும், வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும், ஏசி ஓடாது. மே மாதத்தில் அப்படி ஒரு நாள், நீங்கள் காலை ஷிஃப்டில், மனைவி வெளியே, அப்பா அம்மா மட்டும் வீட்டில் என்றால் யார் என்ன செய்வது என்று இப்போதே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். ஈரத்தரை, தொட்டித் தண்ணீர், ஃபேன், வெளிச்சம் புகாத உள்ளறை இருந்தால் அந்த நாள் ஓடிவிடும். அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கணக்கில் இதெல்லாம் இரண்டாவது. ஹஸ்கி விஷயத்தில் நம் ஊர் வெயில் செய்கிற பெரிய கெடுதல், அது ஓடுகிற நேரத்தைப் பறித்துக்கொள்வது. தினமும் குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது நன்றாக நடந்து ஓட வேண்டிய நாய் இது, கேட்டுக்குள் இரண்டு சுற்று சுற்றுவதை நான் இதில் சேர்க்கவில்லை. பங்குனி பாதியிலிருந்து ஆனி வரை கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அதற்குத் தோதான நேரம் எது என்று யோசித்துப் பாருங்கள். காலை ஆறரைக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு வெயில் இறங்கிவிட்டாலும் தார் ரோடும் சிமெண்ட் தரையும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். புறங்கையை ரோட்டில் ஐந்து, ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். ஏழரை, எட்டு மணிக்கு மேல்தான் சாயங்கால நடை. ஆக ஒழுங்காக ஓட விடக் கிடைப்பது விடிகாலை நாலே முக்காலிலிருந்து ஆறு, ஆறே கால் வரை. அந்த நேரத்தில் ஒரு ஆள் எழுந்து, இருபத்தைந்து கிலோ நாயைப் பிடித்துக்கொண்டு, தினமும், ஞாயிறு திருவிழா என்று பார்க்காமல் போக வேண்டும். நீங்கள் காலை ஷிஃப்ட் வாரத்தில் அந்த நேரத்தில் ஓசூர் பஸ்ஸில் இருப்பீர்கள். இரவு ஷிஃப்ட் வாரத்தில் அப்போதுதான் வேலை முடிகிற நேரம். மிச்சமிருக்கிற ஒரு வாரத்தில் மட்டும் முடியும். அப்பா கூட்டிக்கொண்டு போவாரே என்று நீங்கள் நினைக்கலாம். வண்டி இழுக்கப் பிறந்த நாய், தெருநாயைப் பார்த்தோ பூனையைப் பார்த்தோ ஒரே இழுப்பு இழுத்தால் அறுபது வயதுக்காரர் தோள்பட்டையோடு கீழே வருவார். கழுத்துப் பட்டையை விட்டு ஹார்னஸ் போட்டால் சரியாகும் என்று கடையில் சொல்வார்கள். முதுகில் மாட்டுகிற சாதாரண ஹார்னஸில் அது இன்னும் வசதியாக இழுக்கும், மார்பின் முன்னால் வளையம் உள்ளதுதான் கொஞ்சம் கட்டுப்படுத்தும்.

ஓட்டம் கிடைக்காத ஹஸ்கி சும்மா படுத்துக் கிடக்காது. சோபாவைக் கிழிக்கும், கதவுச் சட்டத்தைக் கடிக்கும், தோட்டத்தில் குழி பறிக்கும். மண் குளிர்ச்சிக்காகவும் பறிக்கும் என்பதால் கோடையில் இது இரண்டு மடங்கு. அப்புறம் ஊளை. மற்ற நாய்கள் குரைக்கிற இடத்தில் ஹஸ்கி ஊளையிடும், தனியாக விட்டால் நீளமாக, விடாமல் ஊளையிடும். நாய் ஊளையிட்டால் தெருவில் சாவு விழும் என்று நம்புகிற ஊர் நம்முடையது. பக்கத்து வீட்டில் வயதானவர் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கும்போது உங்கள் நாய் ராத்திரி இரண்டு மணிக்கு ஊளையிட்டால், அது அதன் இயல்பு என்று அந்த வீட்டு மருமகளிடம் போய் விளக்க முடியாது. காரிமங்கலம் பக்கத்தில் ஒரு குடும்பம் இதற்காகவே நாயைக் கொடுத்துவிட்டார்கள். நாய் மேல் அவர்களுக்குப் பாசம் குறைவில்லை, தெருவில் முகம் கொடுத்துப் பேச ஆள் இல்லாமல் போனது. காவலுக்கு ஆகுமா என்று யாராவது கேட்டால், ஆகாது என்பது திட்டமான பதில். புது ஆளைக் கண்டால் வாலாட்டிக்கொண்டு போகிற இனம்.

அம்மாவின் கோழிகளைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. சுக்சி மக்கள் கோடையில் இந்த நாய்களை அவிழ்த்துவிட்டு, தானே வேட்டையாடித் தின்னட்டும் என்று விட்டதாகச் சொல்வார்கள். அது எப்படியோ, சின்னப் பிராணி ஓடினால் துரத்திப் பிடிக்கிற வேகம் இந்த இனத்தில் மிக அதிகம் என்பதில் சந்தேகமே இல்லை. குட்டியிலிருந்து கோழியோடு வளர்த்தால் பழகிவிடும் என்கிறார்கள். வீட்டு மனிதர் எதிரில் பழகின மாதிரி இருக்கும், ஆள் இல்லாத ஒரு மதியம் கோழி றெக்கையடித்து ஓடினால் அந்தப் பழக்கம் நிற்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். உங்கள் கோழி என்றால் வீட்டோடு போகும். பக்கத்துக் கொட்டகை ஆட்டுக்குட்டி என்றால் பஞ்சாயத்தாகும். நாலடி காம்பவுண்டை இது சாதாரணமாகத் தாண்டும், ஆறடி வேண்டும், அதுவும் கேட்டுக்கு அடியில் பறித்து வெளியேறாதபடி கருங்கல்லோ சிமெண்டோ போட்டிருக்க வேண்டும். வெளியே போய்விட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி வராது. நேராக ஓடும், கிலோமீட்டர் கணக்கில் ஓடும். உங்கள் ஊர் நாலு பக்கமும் தேசிய நெடுஞ்சாலை.

வெப்பத் தாக்கு எப்படி இருக்கும் என்று ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சித்திரை மாதம் ஒரு மதியம், பர்கூர் பக்கத்திலிருந்து காரில் ஒரு ஹஸ்கியைக் கொண்டு வந்தார்கள். காலையில் வீட்டில் விசேஷம், ஆட்கள் வருகிறார்கள் என்று மாடியில் தகர ஷீட்டுக்குக் கீழே கட்டியிருக்கிறார்கள். நிழல்தான், தண்ணீரும் வைத்திருந்தார்கள், ஆனால் குதித்துக் குதித்துச் சங்கிலி சுற்றி, தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்துவிட்டது. மேசையில் போட்டபோது நாக்கு அகலமாக விரிந்து பக்கவாட்டில் தொங்கியது, ஈறு செங்கல் நிறம், எச்சில் பசை மாதிரி நூல் நூலாக இறங்கியது. உள்மயிருக்குள் விரலை விட்டால் அடுப்புப் பக்கம் கை வைத்த மாதிரி இருந்தது. தெர்மாமீட்டரில் 107-க்கு மேல். குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் ஊற்றி, இரண்டு ஃபேனைத் திருப்பி வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலம் சூடு இறங்கியது. மறுநாள் ரத்தமாகப் பேதி போனது, இரண்டு நாளில் சிறுநீரகம் நின்றுவிட்டது, பிழைக்கவில்லை. அவர்கள் அதை ஒருபோதும் கொடுமைப்படுத்தியவர்கள் இல்லை. ஒரே ஒரு நாள் ஏற்பாடு பிசகியது. நீங்கள் எந்த நாய் வளர்த்தாலும் இதை நினைவில் வையுங்கள்: இந்த மாதிரி ஆனால் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்னால் அங்கேயே தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், சூடு இறங்க ஆரம்பித்த பிறகு ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடக் கூடாது, துண்டு சூடாகிப் போர்வை மாதிரி ஆகிவிடும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி சொல்வதில் கொஞ்சம் இழுபறி உண்டு. பெங்களூரிலேயே பிறந்த குட்டி, அப்பா அம்மாவும் இங்கே பிறந்தவை, அதனால் வெயிலுக்குப் பழகிவிட்டது என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஒரு நாயின் உடம்பு சில வாரங்களில் ஓரளவு சூட்டுக்குப் பழகும் என்பது உண்மை, நிழலில் வெளியே இருந்து பழகிய நாய் நாள் முழுக்க ஏசியில் இருக்கும் நாயைவிட வெயிலைத் தாங்கும். ஆனால் நாலைந்து தலைமுறையில் அந்த மயிரும் உடல்வாகும் மாறிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை, யாரும் அதற்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததும் இல்லை. அடர்ந்த மயிர் வெயிலையும் தடுக்கும், அதனால் அது பாதுகாப்புத்தான் என்று ஒரு வாதம் உண்டு. நேர் வெயில் தோலில் படாமல் தடுக்கும் என்ற வரைக்கும் சரி, ஓடி உள்ளே உண்டான சூட்டுக்கு அந்த வாதம் பொருந்தாது. அதற்காக மெஷின் போட்டு மொட்டை அடித்துவிடாதீர்கள். இந்த வகை நாய்களில் வழித்த இடத்தில் மாதக் கணக்கில் மயிர் திரும்ப வராமல் போவதுண்டு, தோலும் வெயிலில் வெந்துபோகும். உதிர்ந்த உள்மயிரைச் சீவி எடுப்பதுதான் வழி. வருடத்தில் இரண்டு முறை கொத்துக் கொத்தாக வரும், நம் ஊர்ச் சூட்டில் மற்ற நாளிலும் உதிர்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் யாருக்காவது இழுப்பு, மூச்சுத் தொந்தரவு இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். குழந்தையோடு எப்படி இருக்கும் என்றால், இனமாகப் பார்த்தால் சாதுவானது, கடிக்கிற குணம் குறைவு. ஆனால் அது அந்தந்த நாயைப் பொறுத்தது, விளையாட்டில் மோதித் தள்ளிவிடும், நாலு வயதுக் குழந்தையை எந்த நாயோடும் தனியாக விடாதீர்கள்.

தீனி விஷயத்தில் நம் மாவட்டத்துக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வீட்டில் என்ன களியோ அதில் ஒரு உருண்டை நாய்க்கும் உண்டு, நாட்டு நாய்கள் ராகிக் களியும் மோரும் தின்று கல் மாதிரி இருக்கும். ஹஸ்கிக்கு அது ஒத்துவராது. இந்த இனத்தில் சிலவற்றுக்குத் துத்தநாகச் சத்தைக் குடல் சரியாக உறிஞ்சாத பரம்பரைக் கோளாறு உண்டு, கண்ணைச் சுற்றி, வாயோரம், பாதத்தில் தோல் செதில் செதிலாகத் தடித்து உரியும். தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருளும், அதிகக் கால்சியமும் அந்த உறிஞ்சலை இன்னும் குறைக்கும். ராகியில் இரண்டுமே நிறைய. களியால்தான் ஒரு நாய்க்கு இந்தத் தோல் நோய் வந்தது என்று நான் நிரூபித்துக் காட்ட முடியாது, ஆனால் அந்த மாதிரித் தோலோடு வந்த ஹஸ்கிகளுக்குக் களியை நிறுத்தி, கறியும் முட்டையும் கூட்டி, துத்தநாக மாத்திரை கொடுத்ததில் குணம் தெரிந்திருக்கிறது. உடம்பு அளவுக்கு இது அதிகம் தின்னாது, வளர்ந்த நாய்க்கு நல்ல உலர் தீனி ஒரு நாளைக்கு 250 முதல் 350 கிராம் போதும். மாதம் ஒன்பது பத்து கிலோ, கிலோ ஐநூறு ரூபாய்த் தீனி என்றால் ஐயாயிரம். அடுத்தது உண்ணி. குட்டை மயிர் நாயில் உண்ணி ஏறினால் கண்ணுக்குத் தெரியும். ஹஸ்கியின் உள்மயிருக்குள் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குள் உண்ணிக் காய்ச்சல் வந்து தீனி எடுக்காமல், ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்த பிறகு கொண்டு வருகிறார்கள். மழைக்காலம் வெயில்காலம் என்று பார்க்காமல் உண்ணி மாத்திரை விடாமல் கொடுக்க வேண்டும். கண்ணில் சின்ன வயதிலேயே புரை விழுவதும், விழித்திரை மெல்ல மெல்லக் கெடுவதும் இந்த இனத்தில் பரம்பரையாக உண்டு. நீலக் கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

குட்டியைப் பற்றி இரண்டு விஷயம். மத்திய அரசின் 2017 விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, ஐம்பது நாள் என்றால் எட்டு வாரத்துக்கு இன்னும் ஆறு நாள் குறைகிறது. தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கும் அந்தக் கடைசி வாரங்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதையே குட்டி கற்றுக்கொள்கிறது. அப்புறம், தமிழ்நாடு அரசு 2024-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்கள் என்று சிலவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று வைத்தார்கள், ஹஸ்கியும் அதில் இருந்தது. வளர்ப்பதற்கான தடை அல்ல அது, குட்டி போட வைப்பதற்கானது. ஆகவே இரண்டு ஈத்து எடுத்தால் செலவு திரும்பிவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, ஹஸ்கியை நன்றாக வைத்திருப்பவர்களையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. தளி பக்கம் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் வைத்திருக்கிறார். அந்தப் பக்கமும் ஓசூரும் கிட்டத்தட்ட மூவாயிரம் அடி உயரம், கிருஷ்ணகிரி அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், வெயில் வித்தியாசம் உடம்புக்கே தெரியும். அவர் தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து நடக்கிறவர், நாய் வருவதற்கு முன்பே அந்தப் பழக்கம் உள்ளவர். நாயை இடுப்பு வாரில் கட்டிக்கொண்டு தோட்டத்து மண் பாதையில் ஏழெட்டு கிலோமீட்டர் போய் வருகிறார். பகலில் கல் பாவிய உள்கூடத்தில் அது அசையாமல் தூங்குகிறது. இரண்டு மணி நேரம் கிடைத்துவிட்டதால் சோபாவையும் கடிப்பதில்லை, ஊளையும் எப்போதாவதுதான். கோழி ஆடு இல்லை, சுற்றிலும் ஆறடிக் கம்பி வேலி, எந்த நேரமும் வீட்டில் ஆள். அந்த நாயைப் பரிசோதிக்கும்போது எனக்கே சந்தோஷமாக இருக்கும், தசை அவ்வளவு இறுக்கம். இதில் ஏசி எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊரும் உதவியது, அதைவிட அந்த மனிதரின் காலை நேரம் உதவியது.

ஆகவே உங்கள் விஷயத்தில் என் பதில், இப்போதைக்கு வேண்டாம். ஏசி இருந்தும் வேண்டாம் என்கிறேன், மாறுகிற ஷிஃப்டும் கோழிகளும்தான் காரணம். ஷிஃப்ட் நிலையாகிப் பொது நேர வேலைக்கு மாறினாலோ, ஓசூரிலேயே சுற்றுச்சுவர் உள்ள தனி வீட்டுக்குக் குடி போனாலோ, மறுபடி யோசிக்கலாம். அப்போதும் குட்டியை விட, இரண்டு மூன்று வயதான ஒன்றை எடுப்பது நல்லது. பெங்களூரில் ஹஸ்கியை வாங்கி ஒரு வருடத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய, மீட்பு அமைப்புகளிடம் கேட்டால் கிடைக்கும், அதன் குணம் அதற்குள் தெரிந்திருக்கும், ஊளையிடுமா, கோழியைத் துரத்துமா என்று பார்த்தே எடுக்கலாம். அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள்: நாய் இல்லாமலே, வரப்போகும் ஏப்ரல் முழுக்க, எந்த ஷிஃப்ட் ஆனாலும் விடிகாலையில் உங்கள் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வர முடிகிறதா என்று. உங்கள் மனைவியும் இதில் சம்மதமாக இருக்க வேண்டும், பாதி வேலை அவர்கள் தலையில்தான் விழும்.

நாய் வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை, அதை ஒத்திப்போடச் சொல்லவில்லை. அம்மாவின் கோழியோடும் நம் வெயிலோடும் ஒத்துப்போக, தெருவில் பிறக்கும் நாட்டு நாய்க்குட்டியைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. மழைக்காலம் முடிந்ததும் எந்தத் தெருவிலும் இரண்டு ஈத்து இருக்கும். தாய் மனிதரிடம் அண்டுகிறதா என்று பார்த்து, எட்டு வாரம் ஆனதும் எடுங்கள், ஆறு எட்டு வாரத்தில் ஆரம்பித்து பதினாறு வாரம் வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி. சிப்பிப்பாறை, கன்னி என்று இனத்தோடு வேண்டும் என்றால் வெயில் அவற்றுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் அவையும் முயல் துரத்தப் பிறந்தவை, ஓட்டமும் கேட்கும், கோழியும் தப்பாது. ராஜபாளையம் காவலுக்கு நல்லது, வெளுத்த தோல் என்பதால் நேர் வெயிலில் கட்டக் கூடாது, அதில் சில பிறவியிலேயே காது கேட்காமல் இருக்கும், குட்டியின் பின்னால் கை தட்டித் திரும்புகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நண்பருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்து, திரும்ப வாங்க முடியாத நிலை என்றால், குட்டியை இன்னும் இரண்டு வாரம் தாயோடு விடச் சொல்லுங்கள், தாய் தகப்பன் இரண்டின் கண்ணையும் தோலையும் நேரில் பாருங்கள், முதல் தடுப்பூசி போட்ட புத்தகத்தில் மருத்துவர் கையெழுத்தும் மருந்து பாட்டிலின் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள். கோழிக்கூண்டை அதற்கு முன்பே வலை போட்டுப் பூட்டிவிடுங்கள். காம்பவுண்டு உயரம் எவ்வளவு, மாடிக்கூரை என்ன, பகலில் வீட்டில் யார் யார் என்று எழுதுங்கள், கோடை ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்று அதற்குத் தகுந்தபடி சொல்கிறேன்.